இடக்கை விருந்து

துர்க்கா அக்கா அந்தப் படத்தை ஏழாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மூன்றாவது மீன் பணிசில் இருந்தேன். இடம் ஸ்காபறோவின் வோபர்ன், பஸ்ரியன் அண்ணையின் பத்தாம் மாடி வீட்டுக் குசினி. அண்ணை அடுப்புப் பக்கச் சுவரோடு சாய்ந்து நின்றார். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நிற்கிற மனுஷர்.

அக்காவைப் பற்றி ஒரு வரி. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கொம்பனிக்காகப் பொய்க் கழுத்துவலிகளைத் துரத்தியவர். இப்போது மில்லிக்கன் பிளாசா ஒன்றில், பல் டொக்ரருக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறார். என்னைப் பற்றி அரை வரி போதும். கிளிபோட், முன்பு பிறம்ரனில் லொறி, இப்போது அக்காவின் கார், இரண்டிலும் ஓயாத வாய்.

வழக்கு இதுதான். ஐந்து நண்பர்கள். ஐவருக்கும் வைன் பைத்தியம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஆளுக்கொரு போத்தில், ஒவ்வொன்றும் ஒரு மண்ணிறக் கடதாசிப் பைக்குள். பையின் மேல் ஓர் இலக்கம் மட்டும். எது என்ன வைன் என்று தெரியாமல் குடித்து, புள்ளி போட்டு, கடைசியில் பையைக் கழற்றிப் பார்ப்பது. இந்த வித்தையை மற்ற நால்வருக்கும் பழக்கியவர் பஸ்ரியன் அண்ணை.

யூலை மாத விருந்து அவர் வீட்டில். பிட்டும் நண்டுக் கறியும். ஓகஸ்டில் கோயில் தேர்த்திருவிழா. மண்டபத்தில் பெரிய ரீவி ஒன்று வைத்திருந்தார்கள். பக்தர்கள் ஓர் இலக்கத்துக்குப் படம் அனுப்பினால் திரையில் தானாக வரும், அனுப்பியவர் பெயர் வராது. காவடிக்கும் தேருக்கும் நடுவில், பதினொரு வினாடி, யூலை விருந்தின் படம் வந்தது. நடுநாயகமாக இரத்தினவேல், கோயில் தலைவர். அவர் முன்னால் அரைக் கிளாஸ் சிவப்பு வைன்.

அந்தப் பதினொரு வினாடிக்குள் நாற்பது பேர் திரையைப் போனில் பிடித்துவிட்டார்கள். சாமி வெளியே வந்தபோது அவர்களுக்கு அவ்வளவு வேகம் இருக்கவில்லை.

படத்தில் நாலு பேர். குழுவில் ஐந்து பேர். இல்லாதவர்தானே எடுத்திருக்க வேண்டும் என்று ஊர் கழித்தல் கணக்குப் போட்டது. அந்த இல்லாதவர் மன்னார்க் கத்தோலிக்கர் என்றதும் கணக்கு இன்னும் இனித்தது. வேதக்காரன் வேண்டுமென்றே கோயிலைக் கேவலப்படுத்தினான் என்றார்கள். நானும் வேதக்காரன்தான். 

இரத்தினவேல் நிர்வாக சபையில் சொன்ன விளக்கம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அது பஸ்ரியன் வீட்டு விருந்து, அவருடைய வைன், நான் சாப்பிட மட்டும் போனேன், பாருங்கள், மற்றவர்கள் கையில் கிளாஸ் இருக்கிறது, என் கையில் இல்லை. பதவி தப்பியது. பஸ்ரியன் அண்ணையை வட்ஸ்அப் குறூப்பிலிருந்து தூக்கினார்கள். இரண்டு மாதமாக ஒரு போன் இல்லை. ஒக்ரோபர் தாங்ஸ்கிவிங் வார இறுதியில் அடுத்த விருந்து, அவர் இல்லாமல்.

"ஜோசப்பின் போனாப்பிறகு எனக்கு அந்த மேசை ஒண்டுதான் இருந்தது," என்றார் அண்ணை. மனைவி செத்து இரண்டு வருஷம். "எனக்கு மன்னிப்பு ஒண்டும் வேண்டாம், துர்க்கா. நான் எடுக்கேல்லை எண்டு ஆராவது ஒராள் வாய் திறந்து சொன்னாக் காணும்."

"படம் எடுக்கேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

"இஞ்சைதான். ரெண்டாஞ் சட்டி நண்டு இறக்கிக்கொண்டு நிண்டனான். மேசையில எல்லாரும் ஒரேயடியாச் சிரிச்சது கேட்டது. நான் கறியோடை போக, பழையபடி சாப்பிட்டுக்கொண்டிருக்கினம்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "கிளிபோட், நீ எந்தக் கையால சாப்பிடுறனி?"

"பணிஸ் எண்டால் ரெண்டு கையாலயும்."

"பிட்டும் நண்டும்?"

"வலக்கையால. வேற எதால?"

படத்தை என் முன்னால் தள்ளினார். "இவை எந்தக் கையால சாப்பிடுகினம்?"

பார்த்தேன். பணிசைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கோப்பிக்கடைக்காரர் முதல் ஐயர் வரை ஸ்காபறோவில் பாதிப் பேர் பார்த்த படம். நால்வருக்கும் குழம்பு இடக்கை விரல்களில் இருந்தது. கிளாஸ் இருந்தவர்களுக்கு அது வலக்கையில் இருந்தது.

"நாலு யாழ்ப்பாணத்து ஆக்கள் ஒரே மேசையில இடக்கையால நண்டு உடைக்கினம்," என்றார் அக்கா. "எல்லாரும் கிளாசைப் பாத்தினம், கையை ஒருத்தரும் பாக்கேல்லை. படம் கண்ணாடியில தெரியிற மாதிரித் திரும்பிப்போய்க் கிடக்கு."

"ரெண்டு மாசமா ஒருத்தருக்கும் விளங்கேல்லையே?"

"எழுத்து இருந்தால் விளங்கியிருக்கும். போத்தில் எல்லாம் பைக்குள்ளை. முன்னுக்குத் தெரியிற இலக்கம் ஒண்டு. ஒண்டைத் திருப்பிப் போட்டாலும் ஒண்டுதான்."

"அப்ப படத்தைத் திருப்பினது ஆர்?"

"போனின்ர முன்பக்கக் கமரா. செல்பி. எல்லாப் போனும் அப்பிடித் திருப்பிச் சேமிக்காது, சிலதுதான்." அக்கா படத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "கோயில் ரீவி ஓரத்தை வெட்டிப்போட்டுது. நீட்டின கையும் அதோடை போயிட்டுது. செல்பி எண்டால், எடுத்த ஆள் படத்துக்குள்ளை இருக்கிறார்."

யார் என்று பஸ்ரியன் அண்ணை கேட்கவில்லை. ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பைத் துடைத்தார்.

காரில் ஏறியதும் நான் கேட்டேன். "ஆர் அக்கா?"

"மனிசருக்கு ரெண்டு கை. ஒண்டில குழம்பு, ஒண்டில கிளாஸ். நாலு பேரில ஒருத்தருக்கு மட்டும் மற்றக் கையில கிளாஸ் இல்லை. அந்தக் கை எங்கை போனது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கையில் கிளாஸ் இல்லை என்று காட்டித்தானே மனுஷர் பதவியைக் காப்பாற்றினார். கை போனில் இருந்திருக்கிறது.

"சந்தேகம் காணாது," என்றார் அக்கா. "இரத்தினவேலின்ர போன் படத்தைத் திருப்புதோ எண்டு பாக்கவேணும். குழுவில இருக்கிற அருள்நாயகத்தோடை போனில கதைச்சனான். என்ர தம்பி முறையான ஒருவருக்கு வைனில ஆசை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். இண்டைக்குப் பின்னேரம் விருந்துக்குத் திட்டம் போடக் கூடுகினமாம். ஒரு கதிரை காலியாத்தானே கிடக்கு."

"அக்கா, எனக்குத் தெரிஞ்ச வைன், பூசையில ஃபாதர் குடிக்கிறது மட்டும்."

"அதைப் பற்றிக் கதை. விளங்காத மாதிரிக் கதைச்சால் கெட்டிக்காரன் எண்டு நினைப்பினம்."

மார்க்கம் றோட்டில் ஒரு கோப்பிக்கடை. நாலு பேரும் ஜன்னலோரம் இருந்தார்கள். அருள்நாயகம், அறுபது வயது, அண்ணையைத் தூக்கிய பிறகு தானாகத் தலைமையேற்றவர், முன்னால் பேனையோடு ஒரு கொப்பி. பிரசாந், வீடு விற்கிறவர், கேட்காமலே என்னிடம் தன் பிசினஸ் காட்டைத் தந்தார். நிலக்சி, முப்பத்தெட்டு வயதிருக்கும், பார்மசிஸ்ற். நடுவில் இரத்தினவேல், நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. அக்கா எனக்கு முன்பே உள்ளே வந்து, இரண்டு மேசை தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

நாள் குறிக்கவே அரை மணித்தியாலம் போனது. வெள்ளி அருள்நாயகத்துக்கு விரதம். சனி புரட்டாதிச் சனி, இரத்தினவேல் எள்ளெண்ணெய் எரிக்க வேண்டும். வைன் குடிக்கிறதுக்கு முதலில் கிரகங்களிடம் லீவு எடுக்க வேண்டும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஞாயிறு," என்றார் பிரசாந். "திங்கள் லீவு, லோங் வீக்கெண்ட். முதலாளியும் கேளான், சாமியும் கேளாது."

அருள்நாயகம் எழுதினார். "ஞாயிறு பின்னேரம் அஞ்சு மணி, என்ர வீட்டை. ஆளுக்கொரு போத்தில், பையிலதான். தம்பி கிளிபோட், உமக்கு அஞ்சாம் இலக்கம். சாப்பாடு நண்டு. சமைக்கிறது..." பேனை நின்றது. "கடையில எடுப்பம்."

"நண்டுக்கு நல்ல கனமான சிவப்பாக் கொண்டுவாங்கோ எல்லாரும்," என்றார் இரத்தினவேல்.

"உறைப்போடை சிவப்பு கசக்கும், அண்ணை," என்றாள் நிலக்சி. "கொஞ்சம் இனிப்பான வெள்ளை வைன், றீஸ்லிங்தான் சரி எண்டு பஸ்ரியன் அங்..."

நிறுத்திவிட்டாள். பெயர் மேசையில் விழுந்து கிடந்தது. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. பிரசாந் பேச்சை மாற்றி பார்க்கிங் பற்றிக் கதைத்தார்.

இதுதான் நேரம் என்று நான் வாயைத் திறந்தேன். "நான் புதுசு. எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுப்பமே? என்ர போனில சார்ஜ் இல்லை."

இரத்தினவேல் இடக்கையில் போனை உயர்த்தினார். "இஞ்சால பாருங்கோ," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அருள்நாயகம் கண்ணாடியைக் கழற்றினார். நிலக்சி இரத்தினவேலின் தோளுக்குப் பின்னால் தலையைச் சரித்தாள். பிரசாந் பின்னுக்கு எழும்பி நாடியை உயர்த்தினார். ஒருவர் ஒருவருக்குச் சொல்லவில்லை. தேர்வடத்தில் அவரவர் இடம் தெரிந்த ஆட்களைப் போல மூன்று பேரும் தங்கள் இடத்தில் போய் நின்று சிரித்தார்கள். எனக்குத்தான் எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

படம் என் போனுக்கு வந்தது. எங்களுக்குப் பின்னால் சுவரில் இருந்த கடைப்பெயர் தலைகீழாக அல்ல, இடம்வலமாகத் திரும்பி இருந்தது. அக்காவுக்கு அனுப்பினேன். சார்ஜ் இல்லாத போனிலிருந்து படம் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அக்கா கோப்பியோடு எழும்பி வந்து, ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தன் பெயரைச் சொன்னார், யாருக்காக வந்தார் என்று சொன்னார், கை விஷயத்தைச் சொன்னார். மூன்று நிமிஷம் எடுத்தது. இரத்தினவேலின் சிரிப்பு அதற்குள் இறங்கிவிட்டது.

"நான் வேணுமெண்டு அனுப்பேல்லை," என்றார். "திருவிழாப் படம் எழுபது எண்பது இருந்தது. எல்லாத்தையும் ஒண்டாத் தெரிஞ்செடுத்து ரீவி இலக்கத்துக்கு அனுப்பினனான். உதுவும் இடையில போயிட்டுது. ஒரு விரல் பிழை, தங்கச்சி."

"விரல் பிழையைச் சொல்லியிருக்கலாமே?"

"தேர் நாளிலயே? தலைவர்தான் அனுப்பினவர் எண்டோ?" குரலைத் தாழ்த்தினார். "நான் ஒருநாளும் பஸ்ரியன்ர பேர் சொல்லேல்லை. சனம் சொன்னது. நான் மறுக்கேல்லை, அவ்வளவுதான்."

வழக்கு முடிந்தது என்று நான் மனதுக்குள் கை தட்டினேன். கள்ளன் ஒருவன், ஒப்புக்கொண்டான், அண்ணைக்கு விடிவு. அக்கா எழும்பவில்லை. மற்ற மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். செல்பி எடுக்கிற ஆள் 'இஞ்சால பாருங்கோ' எண்டு சொல்லாமல் எடுக்கிறேல்லை. கோயில் படத்தில நாலு பேரும் கமராவைப் பாத்துச் சிரிக்கிறியள். இண்டைக்கு எடுத்த படத்திலயும் அதே இடம், அதே சரிவு." இரண்டு படங்களிலும் விரலை வைத்தார். "ஆர் எடுத்தது எண்டு கண்டுபிடிக்கத் துப்பறியிற ஆள் தேவையில்லை. ரெண்டு மாசமா உங்கள் எல்லாருக்கும் தெரியும். குசினிக்குள்ளை நிண்ட ஒராளைத் தவிர."

எனக்கு முகம் கொதித்தது. லொறி ஓட்டின காலத்தில் இப்படியான கோபத்துக்கு ஹோர்ன் அடிப்பேன். இங்கே அடிக்க ஒன்றுமில்லை.

அருள்நாயகம்தான் பேசினார். பொறுமையாக, எங்களுக்கு விளங்கப்படுத்துகிறவர் போல. "பிள்ளை, எங்களுக்கும் கோயில் இருக்கு. பிள்ளையளுக்குக் கலியாணம் பேசுற வயது. பஸ்ரியன் வீட்டு விருந்து எண்டால் நாங்கள் விருந்தாளியள். எங்கட விருந்து எண்டால் நாங்கள் குடிகாரர். அந்தாளுக்கு எங்கட கோயிலில இழக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

"அந்தாளுக்கு நீங்கள் நாலு பேரும் இருந்தனீங்கள்," என்றார் அக்கா.

அக்கா விடவில்லை.

"ஒராள். ஒரேயொரு ஆள், போன் எடுத்து, நீங்கள் எடுக்கேல்லை எண்டு எங்களுக்குத் தெரியும் அண்ணை எண்டு சொல்லேல்லையே? இப்பவெண்டாலும் ஒராள் சொல்லுவீங்களே?"

பிரசாந் போனைப் பார்த்தார். நிலக்சி, சீனி போடாத கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். "எனக்கு அண்டைக்கு நடந்தது வடிவா ஞாபகம் இல்லை, அக்கா," என்றாள்.

"விசயத்தை இதோடை விடுவம்," என்று அருள்நாயகம் கொப்பியை மூடினார். மூட முன்னர் ஐந்தாம் இலக்கத்துக்கு நேரே இருந்த என் பெயரை வெட்டினார். அதில் மட்டும் எனக்கு ஆறுதல்.

வோபர்னுக்குத் திரும்பினோம். 

பஸ்ரியன் அண்ணை மேசையில் எங்களுக்காகக் காத்திருந்தார். மேசைமேல் ஒரு கடதாசிப் பை. அதில் அழகான கையெழுத்தில் ஐந்து என்ற இலக்கம். விருந்துக்கு ஆள் ஆயத்தமாக இருந்தார்.

"இரத்தினவேல்தான் எடுத்தவர், அண்ணை," என்றார் அக்கா. "ரீவிக்கும் அவர்தான் அனுப்பினது. தவறுதலா."

அண்ணை தலையாட்டினார். "தெரியும்."

நான்தான் கதிரையில் நிமிர்ந்தேன்.

"குசினிக்குள்ளை கேட்டது. 'இஞ்சால பாருங்கோ' எண்டு அவன்ர குரல். நானும் வரட்டோ எண்டு அகப்பையோடை நிண்டு கேட்டனான். ஒருத்தருக்கும் கேக்கேல்லைப் போல."

"அப்ப எங்களை ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"என்னட்டைச் சொல்ல வெக்கமாயிருக்கும் தம்பி. வெளியாள் வந்து கேட்டால், மற்ற மூண்டு பேரில ஒருத்தர் எண்டாலும் சொல்லுவினம் எண்டு நினைச்சன்." பையின் வாயை மடித்து மடித்து நேராக்கினார். பிறகு அக்காவைப் பார்த்தார். "ஆராவது சொன்னவையே, துர்க்கா?"

இருபது வருஷத்தில் துர்க்கா அக்கா ஒரு அறிக்கையிலும் பொய் எழுதியதில்லை. பொய்க் கழுத்துப் பட்டியோடு வந்த சொந்த மச்சானையே காட்டிக்கொடுத்தவர். நான் தரையைப் பார்த்தேன்.

"ஓம்," என்றார் அக்கா. "நிலக்சி சொன்னவ."

"தானாவோ?"

"தானாத்தான்."

அண்ணை கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டில் வழிந்தது. பிறகு பையை என் பக்கம் தள்ளினார். "றீஸ்லிங். விருந்துக்கெண்டு வாங்கினது. இனி நான் உங்கை போகேல்லை. அந்தப் பிள்ளையிட்டைக் குடுத்துவிடு தம்பி. நண்டோடை இதைக் குடிக்கச் சொல்லு."

காரில் நான் சொன்னேன். "அக்கா, ரெண்டு பொய் சொல்லிப்போட்டியள்."

"ஓம். காரை எடு."

மறுநாள் காலை பார்மசிக்குப் போனேன். அக்கா காரைவிட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார். நிலக்சி வெள்ளைக் கோட்டோடு கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். என்னைக் கண்டதும் முகம் மாறியது. பையை முன்னால் வைத்தேன். இலக்கத்தின் கையெழுத்து அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கை அரைவாசி வந்து நின்றது.

"பஸ்ரியன் அண்ணை தந்தவர்," என்றேன். "றீஸ்லிங்."

"எனக்கேன்?"

"நீங்கள் உண்மையைச் சொன்னதுக்கு. நேற்று, தானா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அசையாமல் நின்றேன். நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதுவே உண்மையாக இருந்திருக்கும், போத்திலை அவளிடமே சந்தோஷமாக விட்டுவிட்டு வந்திருப்பேன். பின்னால் ஒரு கிழவர் மருந்துச் சீட்டோடு இருமினார். நான் இன்னும் கொஞ்சம் நின்றேன்.

நிலக்சி பையை எடுத்துக் கவுண்டருக்குக் கீழே வைத்தாள். "அங்கிளுக்கு நான் தாங்ஸ் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ," என்றாள்.

போய்ச் சொன்னேன். பஸ்ரியன் அண்ணைக்குச் சரியான சந்தோஷம்.